நெற்றிச் சூடு பார்த்து முடிந்ததும்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாத்தூர்,
28 ஆகஸ்ட் 2021

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

வரும் புதன்கிழமை, செப்டம்பர் 1 அன்று, கொரோனாவுக்காக மூடியிருந்த ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறக்கின்றன. இந்த வாரம் முழுக்க நம் பள்ளிகளில் புதர் வெட்டுகிறார்கள், தண்ணீர்த் தொட்டி கழுவி பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், பெஞ்சுகளை இழுத்து இடைவெளி விடுகிறார்கள். வகுப்புக்கு 20 பேர் என்று கணக்குப் போட்டு அறை பிரித்தாயிற்று. நெற்றிக்கு நேரே நீட்டுகிற அந்தக் காய்ச்சல் துப்பாக்கிக்கு பேட்டரி வாங்கியாயிற்று. யார் யார் தடுப்பூசி போட்டோம் என்று பட்டியல் போய்விட்டது. கூட்டங்களில் நாம் பேசியதெல்லாம் இவைதான். அப்புறம் விட்டுப்போன பாடத்துக்கான புத்தாக்கப் பயிற்சி, எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகள் விவரப் பதிவு.

நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ வகுப்பாசிரியை. தமிழ் எடுக்கிறேன். 22 வருட சர்வீஸ். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். முதல் இரண்டு வாரத்தை வகுப்பாசிரியர்களிடம் விட்டுவிடுங்கள். தேர்வு வைக்கச் சொல்லாதீர்கள், எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஒன்றரை வருடத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் தெரிந்துகொள்கிறோம். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்றும்.

இரண்டு வாரம் என்பது உங்களுக்குப் பெரிதாகப் படும். ஏற்கெனவே பாடம் மலைபோல் கிடக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் கடந்துவந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

இவர்கள் 2020 மார்ச்சில் பத்தாம் வகுப்பில் இருந்தவர்கள். மார்ச் 27 அன்று முதல் பரீட்சை. அதற்குச் சில நாள் முன்பே பரீட்சை தள்ளிப்போனது. 24ஆம் தேதி ராத்திரி நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. பரீட்சை தள்ளிப்போனது. அப்புறம் ஜூன் 1 என்றார்கள். அதன் பிறகு ஜூன் 15. ஹால் டிக்கெட் கொடுக்கக்கூட ஆரம்பித்துவிட்டோம். ஜூன் 9 அன்று பரீட்சையே இல்லை, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிப்பு. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடு. நோய் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த முடிவு சரிதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், "கடைசி ரெண்டு மாசத்துல பாத்துக்கலாம்" என்று அரையாண்டில் கோட்டைவிட்ட பையன் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பான் அல்லவா? இந்தத் தடவை அந்தக் கடைசி இரண்டு மாசம் அவனுக்கு வரவே இல்லை. அரையாண்டு மதிப்பெண்ணே அவன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. நன்றாகப் படித்த பெண்ணுக்கோ வேறு மாதிரி வருத்தம். மூன்று மாதம் விடியற்காலை எழுந்து படித்தது எங்கே போனது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ப்ளஸ் ஒன் முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும்தான். இந்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று பள்ளிக்கு வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவர்களுக்கும் ஆல் பாஸ் அறிவித்தாயிற்று. மார்ச் 22 முதல் மறுபடி பூட்டு. கணக்குப் பாருங்கள், பதினேழு மாதத்தில் ஆறு வாரம். தெருவில் இவர்களுக்குப் பெயர் 'கொரோனா பேட்ச்'. மளிகைக் கடையில் சில்லறையைத் தப்பாக எண்ணினால்கூட, "ஆல் பாஸ் புள்ளதானே?" என்கிறார்கள். போனைத் திறந்தால் அதே கேலி. சிரித்துக்கொண்டே கடந்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இவர்கள் வாழ்க்கையில் எழுதப்போகிற முதல் பொதுத்தேர்வு ப்ளஸ் டூவாக இருக்கும். பத்தாம் வகுப்பில் ஒருமுறை நடுங்கி, எழுதி, பிழைத்து வந்தால்தானே ப்ளஸ் டூவில் கொஞ்சம் தைரியம் வரும்? அந்த ஒத்திகை இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சரி, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் கடைசியில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒப்படைவு (அசைன்மென்ட்) அனுப்பச் சொல்லியிருந்தேன். 46 பேரில் 19 பேர் அனுப்பவில்லை. எனக்கு மேலிடத்திலிருந்து கேள்வி. கோபத்தில் பத்தொன்பது பெயரையும் ஒரு தாளில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கீழே, "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று ஒரு வரி. அடுத்த ஒரு வாரம் அதில் ஒரு பையனிடமிருந்து சத்தமே இல்லை. இன்னும் கோபம் வந்தது.

அவனிடம் சொந்தமாகப் போன் கிடையாது. குழுவில் இருந்தது அவன் அப்பாவின் எண். அவர் போனோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார், ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் இறந்துபோனார். போன் ஒரு பிளாஸ்டிக் கவரில் வீட்டுக்கு வந்தது. விஷயம் தெரிந்த அன்று, என் செய்தியை அழுத்திப்பிடித்து யார் யார் படித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அந்த எண்ணுக்கு நேரே நீலக்கோடு இருந்தது. நான் பட்டியல் போட்ட அன்றைக்குச் சாயங்காலமே படித்திருக்கிறார்.

இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அதன் பிறகுதான் 46 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தேன், ஒப்படைவு பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு. பெண் பிள்ளைகள் எல்லோரும், "நல்லா இருக்கேன் மிஸ்" என்றார்கள். அத்தனை பேரும் அதே மூன்று சொல், அதே குரல். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: போன் அண்ணனுடையது அல்லது அப்பாவுடையது, பேசும்போது பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் மொட்டை மாடிக்கு வந்து, மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கிசுகிசுத்தாள். ஒரே அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது ஒரு பிள்ளை எங்கே போய் அழும்? நாம் பள்ளிக்கூடம் என்றால் பாடம் என்று நினைக்கிறோம். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே வாய்திறந்து பேச இருந்த ஒரே இடம் அதுதான்.

பையன்கள் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் உண்டு. அதோடு மில் வண்டி வருகிறது, பரோட்டாக் கடை இருக்கிறது. ஒருவன் பரோட்டா மாஸ்டருக்கு உதவியாள், நாளுக்கு 400 ரூபாய். வருவாயா என்று கேட்டேன். "வந்து?" என்றான். திமிர் என்று முதலில் பட்டது. யோசித்துப் பார்த்தால், அவன் ஒரு வருடமாக வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுகிறவன். தங்கச்சிக்கு ரீசார்ஜ் செய்கிறவன். அம்மா அவனிடம் கேட்டுத்தான் செலவு செய்கிறார். அவனை நாம் புதன்கிழமை பெஞ்சில் உட்காரவைத்து, ஒன்றுக்குப் போகக் கை தூக்கி அனுமதி கேள் என்கிறோம். அவன் வருவதே பெரிய விஷயம். முடி வளர்த்திருக்கிறான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஐயா. அப்படிப் போகிறவன் மறுபடி வரமாட்டான்.

இன்னொன்று, இவர்கள் தூக்கம் தலைகீழாகிக் கிடக்கிறது. ராத்திரி இரண்டு மணிவரை ஃப்ரீ ஃபயர், காலையில் பதினொன்றுக்கு விழிப்பு. பப்ஜியைத் தடை செய்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பிள்ளைகள் அடுத்ததற்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். முதல் வாரம் முதல் பாடவேளையில் பாதி வகுப்பு தூங்கி விழும். வெளியே நிற்கவைப்பதால் தூக்கம் சரியாகாது. வெயில், நடை, குறிப்பிட்ட நேரத்துச் சாப்பாடு என்று இரண்டு மூன்று வாரம் போனால் தானாகச் சரியாகும். அதனால்தான் கேட்கிறேன், விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். (கணக்கு ஆசிரியர்கள் மன்னிக்க. தமிழுக்கும் கடன் வாங்கியிருக்கிறோம், ஒப்புக்கொள்கிறேன்.) கூடி விளையாட முடியாவிட்டால் வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசட்டும்.

இப்போது துக்கம். நம் மாநிலத்தில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் மட்டும் 34,000ஐத் தாண்டிவிட்டார்கள். அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று மே மாதக் கடைசியில் அரசு அறிவித்தது. நல்ல காரியம். அதற்கான விண்ணப்பத்துக்கு நாம் உதவ வேண்டியிருக்கும். பல வீடுகளில் இறப்புச் சான்றிதழில் கொரோனா என்றே இருக்காது, அலையவிடுவார்கள். நீங்கள் கூடநின்றால் பாதி வேலை முடியும். ஆனால் ஒரு கெஞ்சல். நம் வழக்கப்படி வகுப்புக்குள் நுழைந்து, "படிவம் வந்திருக்கு, அப்பா இல்லாதவங்கல்லாம் எந்திரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இதை நாம் வருடா வருடம் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். அந்த எழுந்து நிற்கிற அரை நிமிடத்தை அவர்கள் மறப்பதில்லை. பழைய மாணவி ஒருத்தி போன வருடம் என்னிடம் ஞாபகப்படுத்தினாள். பெயர்களை நாங்கள் தனியாக விசாரித்துத் தருகிறோம்.

காலை வணக்கக் கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்தலாமா என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். கூட்டமாக நிற்கக்கூடாது என்பதை விட்டாலும், எனக்கு அதில் இரண்டு மனம். பக்கத்து வீட்டில் இறந்தவரைக்கூடப் பார்க்கவிடாத காலம் இது. காரியம், பதினாறு எதுவும் நடக்காத வீடுகள் இருக்கின்றன. பிள்ளைக்கு நாம் சேர்ந்து துக்கப்படுகிறோம் என்று தெரிவது நல்லதுதான். ஆனால் முதல் நாளே வேண்டாம் என்று நினைக்கிறேன். அவனே பேசும்வரை காத்திருக்கலாம்.

நாங்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, எங்களால் என்ன முடியும் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உளவியல் தெரிந்த ஒருவர் நம் எல்லாப் பள்ளிக்கும் வருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் நம் துறை மருத்துவர் இல்லாமலேயே உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ப்ளஸ் டூவில் தோற்றால் ஒரு வருடம் போச்சு என்றிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைத் திறக்கவே பயமாக இருக்கும். ஓரிரு மாதத்திலேயே திரும்ப எழுதி அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம் என்று துணைத்தேர்வு வந்ததும் எத்தனை வீடுகள் மூச்சுவிட்டன! 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். அன்றோடு ரிசல்ட் நாள் கொஞ்சம் சாதுவானது. இரண்டும் ஆபீஸ் மேஜையில் எடுத்த முடிவுகள்தான். நான் கேட்கிற இரண்டு வாரமும் அப்படித்தான்.

எங்களுக்குத் தெரியவேண்டியது கொஞ்சம்தான். கலகலப்பாக இருந்த பிள்ளை ஒதுங்கி உட்கார்கிறதா, சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போகிறதா, சட்டைக் கையை வெயிலிலும் இறக்கியே விட்டிருக்கிறதா, பிரியமான பொருளை யாருக்காவது கொடுக்கிறதா. சந்தேகம் வந்தால் தனியே கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடலாம்: "உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?" என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை என்றுதான் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்டதும் பாரம் பாதி இறங்கும். ஆமாம் என்று சொன்னால் அந்தப் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லவேண்டும், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகவேண்டும். மருத்துவ உதவி எண்ணான 104க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். சென்னை ஸ்நேகா அமைப்பில் 1986லிருந்து இதே வேலையாக இருக்கிறார்கள், 044-24640050. வீட்டிலேயே ஆபத்து என்றால், கல்யாணப் பேச்சு என்றால், குழந்தைகள் உதவி எண் 1098. இந்த எண்களை அறிவிப்புப் பலகையில் எழுதுவது சரி. கழிப்பறைக் கதவின் உட்பக்கமும் எழுதிவையுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

தேதி ஒன்றையும் மனதில் வையுங்கள். செப்டம்பர் 12, நீட். போன வருடம் அந்தத் தேர்வுக்கு முந்தின நாள் நம் மாநிலத்தில் மூன்று பிள்ளைகளை இழந்தோம். இப்போது எழுதப்போகிறவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டவர்கள், நம் பதிவேட்டில் இல்லை. இருந்தாலும் உங்கள் பள்ளியிலிருந்து எழுதுகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பத்துப் பேர் இருப்பார்களா? அந்த வாரம் ஒருமுறை, ரிசல்ட் வரும் அன்று ஒருமுறை, நீங்களே போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். கொரோனாவுக்கு முன்பே, 2019இல், நாட்டில் 10,335 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. தொற்றுக் காலக் கணக்கு வரும்போது அதைப் பார்த்து அதிர்ச்சி அடைவதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு வரி. ஏப்ரலில் தேர்தல் பணி, மே மாதத்தில் சாவுச் செய்திகள். கூட வேலை பார்த்தவர்களை ஸ்டேட்டஸில் படமாகப் பார்த்தோம். எங்களையும் யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், நோட்டை எடுப்பதற்கு முன்னால், நீங்கள் கேட்டால் நன்றாயிருக்கும்.

எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லாமல் எப்படி என்று தயங்குகிறவர்களுக்கு: கால அட்டவணை உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் பாடவேளையை வகுப்பாசிரியருக்குக் கொடுக்க யார் அனுமதியும் வேண்டாம். யாராவது கேட்டால் புத்தாக்கப் பயிற்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், பொய்யில்லை.

இதுவரை 41 பேரிடம் பேசிவிட்டேன். ஐந்து எண்கள் உபயோகத்தில் இல்லை. நாளை ஞாயிறு, டி.வி.எஸ். 50இல் என் வீட்டுக்காரர் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வீடு இருக்கன்குடி போகிற ரோட்டில், மற்ற மூன்றுக்கும் விசாரித்துக்கொண்டுதான் போகவேண்டும்.

அந்தப் பையன் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் அம்மாதான் போனில் பேசினார், அதே எண். முதல் நாள் வருகிற இருபது பேரில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டேன். சிவப்பு மைக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டால் அவனுக்குத்தான் கூச்சமாகிவிடும். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு திண்ணை இருக்கிறது, இடைவேளையில் அங்கே கூட்டிப்போகலாம் என்று நினைத்திருக்கிறேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு ப்ளஸ் டூ வகுப்பாசிரியை